ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு தலைவர்களை நீக்கினேன்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு பெரிய டப்பா நிறைய உளுந்து வடையுடன் ஹாஜா அண்ணனின் துணிக்கடை மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன். சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் அந்தக் கடை. கீழே சேலை, மேலே கட்சி.

ஹாஜா அண்ணன் எங்கள் கட்சியின் தலைவர். மேல்மாடியில் துணிச் சுருள்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நான்கு பேருடன் உட்கார்ந்திருந்தார். கட்சியின் தலைமைச் செயலாளர் கோவிந்தராஜ் மாஸ்டரைக் கட்சியை விட்டே நீக்குவதற்கான கூட்டம் அது.

எனக்கு அதில் சம்பந்தமில்லை. "நான் யார் பக்கமும் இல்லை. கூட்டத்துக்கு வரமாட்டேன். வடை மட்டும் குடுத்துட்டுப் போயிடுவேன்" என்று இரண்டு தரப்பிடமும் முன்பே சொல்லியிருந்தேன். பசிக்குக் கட்சி கிடையாது என்பது என் கொள்கை.

வாசலருகே மிஸ்டர் டான் அட்டையில் ஒரு தாளைச் செருகிக்கொண்டு நின்றார். கப்பல் நிறுவனத்தில் முப்பது வருடம் கிராணியாகக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். "சரோஜா, சைன் ஹியர்" என்று பேனாவை நீட்டினார். போட்டேன். இந்த ஊரில் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்து நோன்புக்கஞ்சி விநியோகம் முதல் சமூக மன்றத்து யோகா வகுப்பு வரை, எங்கே நுழைந்தாலும் ஒரு தாளை நீட்டுவார்கள், நாமும் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். எதற்கு என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

டப்பாவை வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். பின்னால் டான் ஒன்றிலிருந்து ஏழு வரை எண்ணுவது கேட்டது. வடையை எண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் மூன்று மணிக்கு இன்னொரு டப்பா வடையுடன் ரயில் பிடித்து, பிறகு எல்ஆர்டி மாறி, சுவா சூ காங்கில் இருக்கும் கோவிந்தராஜ் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அங்கே ஹாஜா அண்ணனை நீக்குவதற்கான கூட்டம். செருப்பு கழற்றும் இடத்தில் மிஸஸ் டான் ஒரு தாளுடன் நின்றார். அங்கேயும் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுத்துவிட்டேன். ஒரே நாளில் ஒரு கட்சியின் தலையையும் கழுத்தையும் வெட்டிவிட்டு வந்திருப்பது எனக்குத் தெரியாது.

எனக்கு வாய்க்காத ஒன்று

போன வாரம் இந்தப் பத்தியில் நான் கட்சியில் சேர்ந்த கதையை எழுதியதைப் படித்துவிட்டு, காத்தோங்கிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "டேக்காவில் ரவிக்கை தைக்கிற உங்களுக்கு எதற்கு அரசியல்?" நியாயமான கேள்வி. என் கணவர் செல்வம் இதைத் தினமும் கேட்கிறார்.

பதில் ஒரு வரிதான். எனக்கு அறுபது வயது ஆகப்போகிறது, என் தொகுதி எம்பியைத் தேர்ந்தெடுக்க நான் ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை.

சிரிக்காதீர்கள். இளம்வயதில் எந்தப் பேட்டையில் வீடு எடுத்தாலும் அந்தத் தொகுதியில் எதிர்த்து நிற்க ஆள் இருக்காது. போட்டியின்றி வெற்றி. பக்கத்துத் தொகுதியில் போட்டி இருக்கிறதே என்று அங்கே வீடு மாறினால், அடுத்த தேர்தலில் நான் விட்டு வந்த இடத்தில் போட்டி, வந்த இடத்தில் போட்டியில்லை. செல்வம் டாக்சி ஓட்டுகிறவர். "சரோஜா எங்க வீடு மாத்துறாளோ அங்க ஆளுங்கட்சி நிம்மதியாத் தூங்கலாம்" என்று பயணிகளிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் நாடு முழுக்கப் போட்டி வந்த காலமும் வந்தது. அப்போது என் மகளுக்குப் பெர்த்தில் பிரசவம். அதற்கடுத்த முறை வாக்களிப்பு நாளன்று காலையில் எனக்குக் குடல்வால் வெடித்தது. கொரோனா காலத் தேர்தலில் என்னைத் தனிமைப்படுத்திவிட்டார்கள். இங்கே ஓட்டுப் போடாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள்; ஒவ்வொரு முறையும் காரணம் எழுதிக் கொடுத்து, வாக்காளர் பதிவேட்டில் என் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். அதிபர் தேர்தலில் ஒருமுறை போட்டேன், உண்மைதான். அது நாட்டுக்கு. என் புளோக் லிஃப்டைப் பற்றிக் கேட்க வேண்டிய ஆளுக்கு இல்லை.

இந்த முறை உடம்பு நன்றாக இருந்தது, மகளுக்கு இனிப் பிரசவம் இல்லை. ஆனால் எதிர்க்கட்சிகளெல்லாம் கூடி உட்கார்ந்து, யாருக்கு எந்தத் தொகுதி என்று பேசிப் பிரித்துக்கொண்டபோது, என் வீடு இருக்கும் குழுத்தொகுதியை யாரும் கேட்கவில்லை. மிஞ்சிக் கிடந்ததை எங்கள் கட்சியிடம் கொடுத்தார்கள். நாங்கள் நின்றால்தான் போட்டி. நிற்காவிட்டால் எனக்கு இந்த முறையும் பட்டை நாமம்.

குழுத்தொகுதி என்றால் நான்கு பேர் ஓர் அணியாக நிற்க வேண்டும், அதில் ஒருவராவது சீனர் அல்லாத சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும். மற்ற கட்சிகள் அந்த ஒருவருக்குத்தான் அலைவார்கள். எங்களுக்குச் சிறுபான்மைக்குப் பஞ்சமே இல்லை, பெரும்பான்மைக்குத்தான் பஞ்சம். செயற்குழுவில் மொத்தம் பதின்மூன்று பேர், அதில் டான் தம்பதியைத் தவிர எல்லாரும் நம்மவர்கள். போட்டியிடத் துணிந்தது நான்கே பேர்: ஹாஜா அண்ணன், கோவிந்தராஜ் மாஸ்டர், மிஸ்டர் டான், நான். மற்றவர்களுக்கு வேலை, பிள்ளைகள், மாமியார் என்று ஆயிரம் காரணம்.

ஆக, அந்த நால்வரில் ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் கதை முடிந்தது. இருவர் முறுக்கிக்கொண்டார்கள்.

மீன் கடை முன்னால் நடந்தது

பெரிய கொள்கைச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். தொகுதி உலாவுக்காக ஈரச்சந்தைக்குப் போயிருந்தோம். எல்லாரும் மயில் நிறத்தில் கட்சிச் சட்டை, நான் தைத்தது. இந்த ஊர்க் கட்சிகளில் தலைமைச் செயலாளர்தான் முதல் ஆள்; வழக்கப்படி அவர் முன்னால் நடப்பார், தலைவர் ஓர் அடி பின்னால் வருவார்.

அன்றைக்குக் கோவிந்தராஜ் மாஸ்டர் ஒரு கீரைக்காரம்மாவிடம் கல்விக் கொள்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அவர் முன்னாள் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர், பேச ஆரம்பித்தால் மணி அடித்தால்தான் நிறுத்துவார். அதற்குள் ஹாஜா அண்ணன் மீன் கடைக்கு முன்னால் போய்விட்டார். மீன்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, "யூ தி பாஸ் ஆ?" என்று கேட்டார்.

ஹாஜா அண்ணன், "யா லா" என்றார்.

அவ்வளவுதான். மாஸ்டர் பின்னால் நின்று கேட்டுவிட்டார். யாரோ அதைப் படமும் எடுத்து, 'கட்சித் தலைவர் மீன் வியாபாரியுடன்' என்று போட்டுவிட்டார்கள். படத்தில் மாஸ்டரின் காது மட்டும் தெரிந்தது.

"ஒரு கையில கருவாவல் மீன், இன்னொரு கையில நாம குடுத்த பிரசுரம். அந்த ஆளு அவசரத்துல கேக்குறாரு. நான் நின்னு, 'இல்லீங்க, கட்சி விதிப்படி எங்களுக்கு ரெண்டு பொறுப்பு இருக்கு'ன்னு பாடம் நடத்தவா தங்கச்சி?" என்று ஹாஜா அண்ணன் என்னிடம் பொரிந்தார்.

"ஒரு சொல் போதும் சரோஜா. மனத்தில் இருப்பதுதான் வாயில் வரும்" என்றார் மாஸ்டர். அவர் வீட்டில் தோசைக்குச் சட்னி கேட்பதுகூட மேடைத் தமிழில்தான்.

மூன்று வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்தவர்கள், இப்போது ஒரே வாட்ஸ்அப் குழுவில் என் வழியாகச் செய்தி அனுப்பிக்கொண்டார்கள். செயற்குழு ஆறுக்கு ஆறாக உடைந்தது. டான் தம்பதிகூட ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். "ஒரே பக்கம் இருந்தால் வீட்டில் பேச என்ன இருக்கு?" என்றார் மிஸஸ் டான்.

பதின்மூன்றாவது ஆள் நான், அமைப்புச் செயலாளர். எந்தப் பக்கமும் போகவில்லை. எனக்கு வேண்டியது வேட்புமனு, வீராப்பு இல்லை.

டான் வீட்டுச் சாப்பாட்டு மேசை

திங்கட்கிழமை காலை கடை திறந்த கையோடு டான் தம்பதி என் கடைக்கு வந்தார்கள். டேக்கா சந்தை மாடியில் என் கடையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு மிஷின், ஒரு இஸ்திரி மேசை, ஒரு வாடிக்கையாளர், இவ்வளவுதான் கொள்ளும். இரண்டு பேர் வந்தால் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். மிஸஸ் டான் வெளியே நின்றார்.

மிஸ்டர் டான் இரண்டு தாள்களை மிஷின்மேல் அடுத்தடுத்து வைத்தார். இரண்டும் கூட்ட வருகைப் பதிவு. கணவனும் மனைவியும் ஞாயிறன்று மதிய மீதியைச் சூடாக்கிச் சாப்பிட்டுக்கொண்டே, தத்தம் கூட்டக் குறிப்பை ஒருவருக்கொருவர் காட்டியிருக்கிறார்கள். இரண்டு தாளிலும் ஆறு பெயர் வெவ்வேறு. ஏழாவது பெயர் மட்டும் ஒன்றே. என் கையெழுத்து, நீட்டி முழக்கி, கீழே ஒரு கோடு வேறு.

"கூட்டம் செல்லுபடியாக ஏழு பேர் போதும். அங்கேயும் ஏழு, இங்கேயும் ஏழு" என்றார் டான். அவர் பேசுவது பாதி ஆங்கிலம், பாதி மலாய், நான் தமிழில் எழுதுகிறேன். "காலையில் மாஸ்டரை நீக்கியது செல்லும். நீக்கம் மறுநாள்தான் அமலுக்கு வரும், அதனால் மதியம் ஹாஜாவை நீக்கியதும் செல்லும்."

"நான் வடை குடுக்கத்தானே வந்தேன்!"

"தாளில் வடை என்று எழுதவில்லையே."

புதன்கிழமை வேட்புமனுத் தாக்கல். கட்சிச் சின்னத்தைப் பயன்படுத்தும் கடிதத்தில் கையெழுத்துப் போட இப்போது தலைமைச் செயலாளரும் இல்லை, தலைவரும் இல்லை. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

டான் கட்சியின் சட்டப் புத்தகத்தைப் பிரித்தார். அதில் அவர் விரல் வைத்த இடத்தில், இரண்டு பதவியும் காலியானால் அடுத்த மாநாடு வரை அமைப்புச் செயலாளரே பொறுப்பு வகிப்பார் என்று இருந்தது.

"சோ, நவ் யூ பாஸ் லா" என்றார்.

வெளியே நின்ற மிஸஸ் டான் கைதட்டினார். நான் முதலில் செல்வத்துக்குப் போன் போட்டேன். "நான் கட்சிக்குத் தலைவி ஆயிட்டேங்க."

"எத்தனை மணி வரைக்கும்?" என்றார் அவர். ஒரு புருஷன் கேட்கிற கேள்வியா இது?

எட்டடிக் கடையில் இரண்டு தலைவர்கள்

நீக்கப்பட்டவர்களை மறுபடி சேர்க்க விதியில் இடமிருந்தது. புதிய உறுப்பினர் படிவம் எழுதி, செயற்குழுவில் இருவர் முன்மொழிந்து, பொறுப்பாளர் ஒப்புக்கொண்டால் போதும். முன்மொழிய டான் தம்பதி தயார். நானும் தயார். சேர வேண்டிய இருவரைச் செவ்வாய்க்கிழமை கடைக்கு வரச் சொன்னேன். ஒருவர் வருவதை மற்றவரிடம் சொல்லவில்லை.

ஹாஜா அண்ணன் இஸ்திரி மேசையோடு ஒடுங்கி, மாஸ்டர் மிஷினோடு ஒடுங்கி, நடுவில் கழுத்தில் டேப்புடன் நான். இருவருக்கும் நடுவே இரண்டடி இருக்கும்.

"தங்கச்சி, அவர்கிட்ட சொல்லுங்க. நான் இந்தக் கட்சியில சேந்தப்ப அவரு ஸ்கூல்ல மார்க் போட்டுக்கிட்டு இருந்தாரு."

"சரோஜா, அவரிடம் சொல்லுங்கள். இந்தக் கட்சியின் சட்டதிட்டத்தை எழுதியதே நான்தான்."

"எழுதுனீங்க லா. அதனாலதான் நீங்களே கட்சிக்கு வெளிய நிக்கிறீங்க."

"தாங்கள் மட்டும் உள்ளேயா இருக்கிறீர்கள்?"

படிவத்தை நீட்டினேன். அடுத்த வம்பு அங்கே ஆரம்பித்தது. யார் முதலில் கையெழுத்துப் போடுகிறாரோ அவருக்கு முந்தைய உறுப்பினர் எண். இரண்டாவதாகப் போடுகிறவர் வாழ்நாள் முழுக்க இளையவர். முக்கால் மணி நேரம் பேனா மிஷின்மேலேயே கிடந்தது. கட்சிக்கே ஆள் இல்லை, இதில் மூத்தவர் யார் இளையவர் யார் என்று வழக்கு! ஒரு வாடிக்கையாளர் ரவிக்கை வாங்க வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். கத்தரிக்கோலை மேசையில் போட்ட சத்தத்தில் இருவரும் வாயை மூடினார்கள்.

"நான் எதுக்குக் கட்சியில சேந்தேன்னு தெரியுமா உங்களுக்கு? ஓட்டுப் போட! என் பேட்டையில நின்னு ஒரே ஒரு ஓட்டு! அறுபது வயசு ஆகப்போகுது, பேரப்பிள்ளை கேக்குது, 'பாட்டி நீ ஓட்டே போட்டதில்லையா'ன்னு. நீங்க நின்னாத்தான் எலெக்‌ஷன். நீங்க ஜெயிப்பீங்கன்னு நான் சேரலை. நீங்க பேசுறது புரிஞ்சும் சேரலை. போட்டின்னு ஒண்ணு இருக்கணும், அதுக்கு நாலு தலை வேணும். அதுக்குத்தான் இத்தனை வருஷம் வடை சுட்டேன்!"

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினேன். அழுகையும் வந்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

மாஸ்டர் மெதுவாகக் கேட்டார். "அப்படியானால், வேலைவாய்ப்பு பற்றி நான் ஆற்றிய உரையைக் கேட்டு நீங்கள் சேரவில்லையா? அன்று வாசலில் நின்று கண்கலங்கினீர்களே?"

"உள்ள ஏசி ஜாஸ்தின்னு வெளிய நின்னேன் சார். பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கிக் குடுத்துக்கிட்டு இருந்தேன்."

"அப்ப என் கடையில நான் உறுப்பினர் பாரம் குடுத்தப்ப, 'உங்களுக்காகச் சேர்றேண்ணே'ன்னு சொன்னீங்களே?" என்றார் ஹாஜா அண்ணன்.

"லைனிங் துணி வெலை குறைச்சுத் தருவீங்கன்னு சொன்னேன்ணே."

இருவர் முகமும் சுண்டிப்போனது. அப்புறம், மூன்று வாரத்தில் முதல்முறையாக, ஒருவர் மற்றவரை நேராகப் பார்த்தார்.

"கேட்டீங்களா மாஸ்டர்?"

"கேட்டேன் பாய்."

"நம்மள மனுசனா மதிச்சுச் சேரலையாம். தலை எண்ணிக்கைக்காம்."

"பேச்சு புரியவில்லையாமே. பிரியாணியாமே."

இருவரும் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். போச்சு, ஒரேயடியாகப் போய்விட்டார்கள் என்று பதறி, மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தேன். தேநீர்க் கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் கையை ஆட்டி ஏதோ சொல்கிறார், ஹாஜா அண்ணன் தலையில் அடித்துக்கொள்கிறார், இருவரும் சேர்ந்து என் கடையைக் கைகாட்டுகிறார்கள். பழைய மாதிரியே ஒருவர் கிளாசிலிருந்து மற்றவருக்கு டீயை ஊற்றிக் கொடுத்துக்கொண்டார்கள்.

அரை மணி கழித்துத் திரும்பி வந்தார்கள். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

"நீங்க முதல்ல போடுங்க மாஸ்டர்."

"இல்லை பாய், தாங்கள்தான் மூத்தவர்."

"அதெல்லாம் முடியாது, படிச்சவர் நீங்க."

இது முந்தைய சண்டையைவிட மோசம். ஆளுக்கொரு பேனா கொடுத்து, நான் மூன்று எண்ணும்போது ஒன்றாகப் போடச் சொன்னேன். டான் தம்பதி வாசலில் நின்று சாட்சி. அப்படியும் ஹாஜா அண்ணன் வேண்டுமென்றே தாமதித்தார், அது வேறு விஷயம்.

புதன்கிழமையும் அதற்குப் பிறகும்

ஒரு பள்ளி மண்டபத்தில் வேட்புமனுத் தாக்கல். மயில் நிறச் சட்டையில் நால்வர். சின்னத்துக்கான கடிதத்தில் தற்காலிகப் பொறுப்பாளர் என்று என் கையெழுத்து. இந்த முறை ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் போட்டேன்.

நேரம் முடிந்தது. அதிகாரி ஒலிபெருக்கி முன் வந்து, இந்தக் குழுத்தொகுதியில் போட்டி என்று அறிவித்தார். வேலிக்கு வெளியே எங்கள் ஆதரவாளர்கள் ஒன்பது பேர் கத்தினார்கள். அதில் செல்வத்தின் குரல்தான் உரக்கக் கேட்டது. தேர்தலில் ஜெயித்துவிட்ட மாதிரி எனக்கு உடம்பெல்லாம் ஆடியது. எதிரணி வேட்பாளர் ஒருவர் பயந்துபோய் நாற்காலி எடுத்துப் போட்டார்.

பிரசாரத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மாஸ்டர் பேசினார், ஹாஜா அண்ணன் கை குலுக்கினார், டான் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். என்னை மேடையில் பேச விடவில்லை. அதில் மட்டும் தலைவர்கள் இருவரும் ஒரே கருத்தாக இருந்தார்கள். நன்றாகத் தோற்றோம்.

வாக்களிப்பு நாள் காலை, வரிசை ஆரம்பிக்கும் முன்பே போய் நின்றேன். பட்டுச்சேலை, தலையில் பூ. "கல்யாணமா ஆண்ட்டி?" என்று பக்கத்து புளோக் பெண் கேட்டாள். வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்தார்கள். இவ்வளவு லேசான தாளா என்று இருந்தது. தடுப்புக்குள் போய் விரித்தேன். ஒரு பக்கம் அவர்கள் நால்வர். இன்னொரு பக்கம் எங்கள் நால்வரின் படம்: கோவிந்தராஜ் மாஸ்டர் வகுப்பெடுக்கிற முகத்துடன், ஹாஜா அண்ணன் சேலை விற்கிற சிரிப்புடன், டான், அப்புறம் நான்.

நிறைய நேரம் நின்றேன். வருடக்கணக்கில் இந்த இருவரையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். இவர்கள் கையில் புளோக்குகளைப் பராமரிக்கிற நகர மன்றத்தைக் கொடுத்தால் என் புளோக் லிஃப்ட் எந்த மாடியில் நிற்கும் என்று எனக்குத்தான் தெரியும். நல்லவர்கள் என்பதும் எனக்குத்தான் தெரியும். ஒரு கட்டத்தில் முத்திரை வைத்தேன், மடித்தேன், பெட்டியில் போட்டேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். தேர்தல் பணியில் இருந்த ஒரு பிள்ளை டிஷ்யூ கொடுத்தது.

அதற்கடுத்த வாரத்திலிருந்து, சனிக்கிழமைதோறும் ஹாஜா அண்ணனும் மாஸ்டரும் சேர்ந்து என் கடைக்கு வருகிறார்கள். மாநாட்டில் இருவருக்கும் பழைய பதவி கிடைத்துவிட்டது. பழைய சண்டைகளும் அவ்வப்போது தலை காட்டுகின்றன. ஆனால் கடைக்கு மட்டும் ஒன்றாகத்தான் வருவார்கள்.

"தங்கச்சி, உண்மையைச் சொல்லுங்க. நம்ம கட்சிக்குத்தானே போட்டீங்க?"

"வாக்கு ரகசியம்ணே."

"நமக்குள் என்ன ரகசியம் சரோஜா?"

"ரகசியம்னா ரகசியம்தான் சார்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு என்னைத் திட்டிக்கொண்டே டீ குடிக்க ஒன்றாகக் கீழே இறங்குவார்கள். செல்வம்கூடக் கேட்டுப் பார்த்துவிட்டார், சொல்லவில்லை. என்னைத் திட்ட இந்த ரகசியம் இருக்கிறவரைதான் இருவரும் ஒன்று, சொன்னால் மறுவாரமே கட்சி இரண்டாகிவிடும். அடுத்த தேர்தலிலும் நான் ஓட்டுப் போட வேண்டுமே.